செவ்வாய்க் கலமும் நமது கலைக்களஞ்சியமும்

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தில் கல்யாணப் பேச்சு நடக்கிற வீடுகளுக்குப் போய்ப் பார்த்தால், அங்கு முதலில் கேட்கப்படுகிற கேள்வி பெண் என்ன படித்திருக்கிறாள் என்பதல்ல; மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கம் உண்டா என்பதுமல்ல. "சுத்த ஜாதகந்தானே?" என்பதே முதல் கேள்வி. சுத்த ஜாதகமென்றால் செவ்வாய்த் தோஷம் இல்லாத ஜாதகம் என்று அர்த்தமாம். லக்கினத்திலிருந்து எண்ணி 2, 4, 7, 8, 12 ஆகிய வீடுகளில் எதிலாவது செவ்வாய் உட்கார்ந்திருந்தால் தோஷம் வந்துவிட்டதாம். வீடுகள் மொத்தம் 12, அதில் தோஷ வீடுகள் 5. அப்படியானால் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தோஷக்காரர்களாகவே பிறந்தாக வேண்டும். இந்தக் கணக்கை ஜோசியனிடம் சொன்னால் உடனே விதிவிலக்குகளை எடுத்து நீட்டுவான். விலக்குக்கு ஒரு தட்சணை, பரிகாரத்துக்கு ஒரு தட்சணை. பணக்காரன் வீட்டுப் பெண்ணுக்கு விலக்கு சுலபத்தில் கிடைத்துவிடும். மூன்று ஏக்கர் மானாவாரியில் பருத்தியும் மக்காச்சோளமும் போட்டு வயிற்றைக் கழுவுகிற குடியானவன் பெண்ணுக்கு அது கிடைப்பதில்லை. அவள் முப்பது வயது வரையில், வந்து பார்த்துப் போகிறவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்துக் கொண்டிருக்க வேண்டியதுதான்.

இப்படிப் பெண்களின் வாழ்வைக் கெடுப்பதாகச் சொல்லப்படுகிற அந்தச் செவ்வாய்க்கு, இந்த நாட்டார் செய்த இயந்திரம் ஒன்று நேரிலேயே போய்விட்டது. மங்கள்யான் என்று பெயர் பரவிய அந்தக் கலம் 2013 நவம்பர் 5-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிற்று. 2014 செப்டம்பர் 24-ந் தேதி செவ்வாயைச் சுற்றுகிற பாதையில் சேர்ந்தது. ஆறு மாதம் உழைத்தால் போதும் என்று செய்யப்பட்ட அது, 2022 ஏப்ரலில் தொடர்பு அறுகிற வரையில் ஏழரை வருஷத்துக்கு மேல் உழைத்துப் படம் பிடித்து அனுப்பிற்று. ஏழரை என்றதும் நம்மவர்களுக்குச் சனியன் ஞாபகம் வரும். இது செவ்வாயைப் பிடித்த ஏழரை! செலவு சுமார் 450 கோடி ரூபாய். திட்ட இயக்குநராயிருந்த சுப்பையா அருணன் திருநெல்வேலிச் சீமைக்காரர். இந்த வேலையில் மேற்பொறுப்பு வகித்த மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் கோதவாடி என்ற கிராமத்தில் பிறந்து, அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் தமிழிலேயே படித்தவர்.

இவ்வளவும் நடந்த பிறகும் "சுத்த ஜாதகந்தானே?" என்ற கேள்வி போகவில்லையென்றால், அதற்கு ஜோசியன் மேல் மாத்திரம் பழியைப் போட்டுவிட்டு நாம் சும்மாயிருக்கலாமா என்று கேட்கிறோம். ஜோசியன் தன் சரக்கை ஒவ்வொரு தெருவிலும், ஒவ்வொரு வாரப் பலனிலும், இப்போது ஒவ்வொரு கைப்பேசியிலும் கொண்டுபோய் வைத்திருக்கிறான். 2003 ஆகஸ்டில் செவ்வாய் பூமிக்குச் சற்று நெருங்கி வந்தது. நெருங்கியது என்றால் ஐந்தரைக் கோடி கிலோமீட்டர். அதை வைத்துச் "செவ்வாய் இன்றிரவு சந்திரன் அளவு பெரிதாகத் தெரியும்" என்று எவனோ கட்டிவிட்ட புளுகு, அதற்கப்புறம் ஆகஸ்டு தோறும் புதிதுபோல் சுற்றி வந்தது. புளுகுக்கு இருக்கிற கால் உண்மைக்கும் இருக்க வேண்டாமா?

உண்மையை எங்கே போய்த் தேடுவது? நமது பிள்ளைகள் தேடுகிற இடம் எது என்பது நமக்கு நன்றாய்த் தெரியும். வாத்தியார் "மங்கள்யான் பற்றி எழுதி வா" என்றால், பையன் கைப்பேசியை எடுக்கிறான், பெயரைத் தமிழில் தட்டுகிறான், விக்கிப்பீடியா என்கிற கலைக்களஞ்சியம் வந்து நிற்கிறது. அதில் இருப்பதை அப்படியே பார்த்து எழுதிக் கொண்டு போகிறான். ஆகையால் அந்தக் கட்டுரையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை, இருப்பது சரியா என்பது ஏதோ படித்தவர்கள் பொழுதுபோக்கும் சங்கதியல்ல. குன்னத்திலும் செந்துறையிலும் உள்ள பிள்ளைகளின் புத்திக்குச் சம்பந்தப்பட்ட சங்கதியாகும்.

முன்காலத்தில் இது நம் கையில் இல்லை. 1910-ல் ஆ. சிங்காரவேலு முதலியார் தனி மனிதராய் நின்று அபிதான சிந்தாமணியைக் கொண்டுவந்தார். சுதந்திரத்துக்குப் பிறகு தமிழ் வளர்ச்சிக் கழகத்தார் பெரியசாமித் தூரனைத் தலைமை ஆசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரையில் பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வெளியிட்டார்கள். இரண்டும் பெரிய காரியங்கள். ஆனால் அச்சுப் புத்தகத்துக்கு ஒரு தொல்லை உண்டு. முதல் தொகுதி வந்த மூன்று வருஷத்துக்கெல்லாம், 1957 அக்டோபர் 4-ந் தேதி, ருஷியர்கள் ஸ்புட்னிக்கை விட்டுவிட்டார்கள். அச்சான தொகுதி அதை எப்படிச் சொல்லும்? அவ்வளவு தூரம் போவானேன். நமது அரியலூரையே பாருங்கள். 2001-ல் தனி ஜில்லாவாயிற்று. 2002-ல் திரும்பவும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. 2007-ல் மறுபடியும் தனி ஜில்லாவாயிற்று. இதற்கெல்லாம் ஈடுகொடுத்து எந்த அச்சுக்கூடம் தொகுதி போட்டுக்கொண்டிருக்கும்?

விக்கிப்பீடியா அப்படியல்ல. 2001-ல் ஆங்கிலத்திலும் 2003-ல் தமிழிலும் தொடங்கப்பட்ட இதில் எழுதுவதற்குச் சாஸ்திரியோ சர்மாவோ தலையெழுத்துப் போட்டு அனுமதி கொடுக்க வேண்டியதில்லை. பட்டம் கேட்பதில்லை, ஜாதி கேட்பதில்லை, கூலியும் கொடுப்பதில்லை. "தொகு" என்ற இடத்தைத் தொட்டால் திறந்துகொள்கிறது. பிழையிருந்தால் திருத்தலாம், நீங்கள் செய்த பிழையை இன்னொருவர் திருத்துவார். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது ஒன்றுவிடாமல் வரலாறு என்ற பக்கத்தில் பதிவாகியிருக்கும். ஆயிரம் வருஷமாக எவன் எதை நுழைத்தான் என்று தெரியாமலே வளர்ந்த புராணங்களையும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் நாளும் மணியும் குறிக்கிற இதையும் பக்கத்தில் வைத்து யோசித்துப் பாருங்கள்.

தோழர்களில் சிலர், "ராக்கெட்டைப் பற்றி நமக்கென்ன தெரியும்? அது விஞ்ஞானிகள் வேலையல்லவா?" என்கிறார்கள். கலைக்களஞ்சியத்தில் எழுதுகிறவன் ராக்கெட் செய்ய வேண்டியதில்லை. செய்தவர்கள் சொன்னதைப் படித்து, புரிந்துகொண்டு, எங்கே படித்தோம் என்பதைக் கீழே குறித்து, பக்கத்து வீட்டுக்காரனுக்குப் புரிகிற தமிழில் எழுத வேண்டியதுதான். நாமும் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவரல்ல. ஒரு விஷயத்தை நாலு பேருக்குச் சொல்லுவதற்காகவே அதைத் தேடிப் படித்துக் கற்றவர்கள்தான். மேடை போட்டுப் பேசுகிறவனுக்கு இந்த வேலையில் பாதி ஏற்கெனவே கைவந்ததாகும்.

சரி, மங்கள்யான் கட்டுரையில் எதைக் கவனிக்க வேண்டும்? ஆங்கிலக் கட்டுரையையும் தமிழ்க் கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எது குறைகிறது என்று முதலில் பாருங்கள். நாம் மிகவும் முக்கியமென்று நினைப்பது நாளும் நேரமும் ஆகும். ஏனென்று சொல்லுகிறோம்.

பூமி சூரியனை ஒரு முறை சுற்ற 365 நாள், செவ்வாய்க்கு 687 நாள். இரண்டும் கலம் அனுப்பத் தோதான நிலைக்கு வருவது சுமார் 780 நாளைக்கு ஒரு முறை, அதாவது 26 மாதத்துக்கு ஒரு முறை. அப்போது அனுப்பினால்தான் குறைந்த எரிபொருளில் போய்ச் சேரும். 2013-ல் அந்தச் சமயம் அக்டோபர் 28 முதல் நவம்பர் 19 வரையில் இருந்தது. அமெரிக்கர்கள் தங்கள் மேவன் கலத்தை அதே பருவத்தில், நவம்பர் 18-ந் தேதி, அனுப்பினார்கள். இதுவும் ஒரு முகூர்த்தம்தான். ஆனால் இந்த முகூர்த்தத்தை அமெரிக்கனும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், ஆண்டிமடத்துப் பையனும் போட்டுப் பார்க்கலாம், இருவருக்கும் ஒரே விடைதான் வரும். நமது பஞ்சாங்கங்களோ, வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் சனிப்பெயர்ச்சித் தேதியிலேயே ஒத்துப் போகிறதில்லை.

முதலில் குறித்த நாள் அக்டோபர் 28. அது தள்ளிப் போனதற்குக் காரணம் கெட்ட சகுனமல்ல. ராக்கெட்டின் நான்காம் கட்டம் எரிவது தென் பசிபிக் சமுத்திரத்துக்கு மேலே; அங்கே சமிக்ஞையைப் பிடிக்கத் தரையில் நிலையம் கிடையாது. ஆகவே நாலந்தா, யமுனா என்ற இரண்டு கப்பல்களை அனுப்பினார்கள். கடல் கொந்தளிப்பால் கப்பல் போய்ச் சேரத் தாமதமாயிற்று. அதனால் நவம்பர் 5. அது என்ன கிழமை? செவ்வாய்க்கிழமை! நல்ல காரியம் எதற்கும் ஆகாதென்று நம் பாட்டிமார் ஒதுக்கி வைத்த நாள். கிளம்பிய நேரம் பிற்பகல் 2 மணி 38 நிமிஷம். "ராகு காலத்துக்கு 22 நிமிஷம் முன்னாலேயே கிளம்பிவிட்டதே" என்று ஜோசியன் குறுக்கே வருவான். வரட்டும். செவ்வாய்க்கிழமை ராகு காலம் 3 முதல் 4½. நான்காம் கட்டம் பற்றியெரிந்தது கிளம்பி 35 நிமிஷம் கழித்து. கலம் ராக்கெட்டை விட்டுப் பிரிந்தது 44 நிமிஷம் கழித்து. அதாவது 3 மணிக்கு மேல், ராகு காலத்தின் நடுவில், கலம் தன் வழியே போயிற்று.

இது போகட்டும். செவ்வாயில் போய்ச் சேர்ந்த நாள் புதன்கிழமை. முன்னூறு நாளாகத் தூங்கிக்கொண்டிருந்த இயந்திரம், இரண்டு நாளைக்கு முன் நாலே விநாடி எரித்துச் சோதிக்கப்பட்டு, அன்று காலை 7 மணி 17 நிமிஷத்துக்கு எரியத் தொடங்கிற்று. 24 நிமிஷம் எரிந்து, 7 மணி 41-க்கு நின்றது. அதற்குள் கலம் செவ்வாய்க்குப் பின்னால் மறைந்துவிட்டது. அங்கிருந்து சமிக்ஞை இங்கு வந்து சேரவே 12 நிமிஷத்துக்கு மேல் ஆகும். வெற்றி என்ற செய்தி கிடைத்தபோது மணி ஏறக்குறைய 8. புதன்கிழமை எமகண்டம் எப்போது? 7½ முதல் 9 வரை!

இந்தச் சங்கதியைக் கேட்டவுடன் தோழர்கள் ஓடிப்போய்க் கலைக்களஞ்சியத்தில், "எமகண்டத்தில் வெற்றி பெற்று மூடநம்பிக்கையை முறியடித்தது" என்று எழுதிவிடக் கூடாது. நாம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுகிறோம். அது மேடையல்ல, நமது பத்திரிகையுமல்ல. அங்கே எழுதுகிறவன் தன் சொந்த ஆராய்ச்சியையும் தன் கட்சியையும் வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நாம் பிரசாரம் எழுதினால், நாளைக்கு ஜோசியனும் வந்து, "ராகு காலத்துக்கு முன் கிளம்பியதால் வெற்றி பெற்றது" என்று எழுதுவான். அதைத் தடுக்க நமக்கு என்ன யோக்கியதை இருக்கும்? மணியை எழுதுங்கள், நிமிஷத்தை எழுதுங்கள், கிழமையை எழுதுங்கள், ஆதாரத்தைக் குறியுங்கள். தினசரி நாட்காட்டி எல்லார் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. கிழித்துப் பார்க்கிறவன் பார்த்துக்கொள்ளுவான்.

இதே நியாயந்தான் மற்றொரு சங்கதிக்கும். கலம் கிளம்புவதற்கு முன் விண்வெளி நிறுவனத்தின் அப்போதைய தலைவர் கே. ராதாகிருஷ்ணன் அதன் சிறு மாதிரியைத் திருப்பதிக்குக் கொண்டுபோய் ஏழுமலையான் முன் வைத்து வணங்கினார் என்பது பத்திரிகைகளில் வந்த செய்தி. இதை மறைக்கவும் கூடாது, வையவும் கூடாது. இன்ன நாளில் இப்படிச் செய்தார் என்று ஒரு வரி, ஆதாரத்துடன். நம்முடைய கோபத்தை இந்தப் பக்கத்தில் வேண்டுமானால் காட்டுவோம்: 1,337 கிலோ எடையுள்ள கலத்தைக் கோடிக்கணக்கான கிலோமீட்டர் கணக்குத் தவறாமல் அனுப்பத் தெரிந்தவர்களுக்குக் கடைசி நேரத்தில் கணக்கின்மேல் நம்பிக்கை போய்விடுவானேன் என்று!

புகழ்ச்சியிலும் நிதானம் வேண்டும். "முதல் முயற்சியிலேயே செவ்வாயை அடைந்த முதல் நாடு" என்று எங்கும் எழுதுகிறார்கள். நாடு என்று சொன்னால் சரிதான். ஆனால் ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்து நடத்தும் விண்வெளி நிறுவனமும் 2003 டிசம்பரில் தன் முதல் முயற்சியிலேயே செவ்வாயைச் சுற்றுகிற பாதையில் கலத்தைச் சேர்த்துவிட்டது. அந்த ஒரு வரியையும் சேர்த்தெழுதினால் நம் பெருமை குறைந்துவிடாது. 2013 நவம்பர் 11-ந் தேதி கலத்தின் பாதையை ஒரு லட்சம் கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்ற முயன்றபோது அது சுமார் 78 ஆயிரத்தோடு நின்றுவிட்டது. மறுநாள் மறுபடி இயந்திரத்தை எரித்து ஏற்றினார்கள். கலத்திலிருந்த ஐந்து கருவிகளில் மீத்தேன் வாயுவைத் தேடப் போன கருவியால், அங்கே அது உண்டென்றோ இல்லையென்றோ உறுதியான முடிவு கிடைக்கவில்லை. இவையும் கட்டுரையில் இருக்க வேண்டும். குறையைச் சொல்லாத வரலாறு நம்மிடம் ஏற்கெனவே பதினெட்டு இருக்கிறது, பத்தொன்பதாவது வேண்டாம்.

மங்கள்யானுக்கு முன்னோடிகளான கலங்களின் கட்டுரைகளையும் விட்டுவிடக் கூடாது. 1962 ஜூலையில் வெள்ளிக் கிரகத்துக்குக் கிளம்பிய அமெரிக்காவின் மாரினர் 1 கிளம்பின சில நிமிஷத்தில் அழிக்கப்பட வேண்டியதாயிற்று. கணக்குக் கட்டளையில் ஒரு சின்னக் குறி விடுபட்டதும் அதற்கு ஒரு காரணம். அடுத்த மாதமே மாரினர் 2-ஐ அனுப்பினார்கள். அதே வருஷம் டிசம்பர் 14-ல் அது வெள்ளியின் பக்கமாய்ப் போய், அதன் தரையில் தாங்க முடியாத வெப்பம் என்று சொல்லிற்று. வேறொரு கிரகத்தை நெருங்கிச் செய்தி அனுப்பிய முதல் கலம் அதுவே. 1964 நவம்பர் 5-ல் செவ்வாய்க்குக் கிளம்பிய மாரினர் 3-ன் மேலுறை கழலாமல் அது வீணாயிற்று. மூன்றே வாரத்தில் உறையை மாற்றிச் செய்து மாரினர் 4-ஐ அனுப்பினார்கள். நம் ஊரிலானால் அந்த மூன்று வாரமும் யார் கண் பட்டது என்று விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த மாரினர் 4, 1965 ஜூலையில் செவ்வாய்க்கு 9,846 கிலோமீட்டர் தூரத்தில் கடந்து போய், இருபத்தொன்றும் சில்லறையுமாகப் படங்களை எடுத்தது. ஒரு படம் பூமிக்கு வந்துசேர எட்டு மணி நேரம் பிடித்தது. இயந்திரம் படமாக்கித் தருகிற வரையில் பொறுக்க மாட்டாமல், எண்களை நாடாவில் அச்சடித்துச் சுவரில் ஒட்டி, வர்ணக் கட்டியால் எண்ணுக்கு ஒரு நிறமாகக் கையாலேயே தீட்டிப் பார்த்தார்கள். அந்தப் படங்களில் ஆளுமில்லை, வாய்க்காலுமில்லை. குழி குழியான வெற்றுத் தரைதான்.

வாய்க்கால் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். 1877-ல் ஸ்கியாபரெல்லி என்ற இத்தாலிய வானநூலார் தொலைநோக்கியில் கோடுகள் போலக் கண்டதற்குத் தம் பாஷையில் "கானாலி" என்று பெயர் வைத்தார். இயற்கையான நீர்த்தடங்களையும் அந்தச் சொல் குறிக்கும். ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் அதை மனிதன் வெட்டிய கால்வாய் என்று ஆக்கிவிட்டார்கள். கால்வாய் உண்டானால் வெட்டியவனும் உண்டல்லவா? பெர்சிவல் லோவல் என்ற அமெரிக்கப் பணக்காரர் செவ்வாயில் அறிவுள்ள ஜனங்கள் பாசனம் செய்வதாகப் புத்தகம் புத்தகமாக எழுதினார். ஒரு சொல்லைத் தப்பாகப் பெயர்த்ததன் பலன் இது! ஆகையால், ஆங்கிலக் கட்டுரையை இயந்திரத்தில் போட்டு, வருகிற தமிழை அப்படியே கொண்டுபோய் ஒட்டுகிற பழக்கத்தை நமது வாலிபர்கள் விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். உங்கள் தாயாருக்குப் புரியவில்லையென்றால் மறுபடி எழுதுங்கள்.

நமது ஜில்லாக்காரர்களுக்கு இதில் ஒரு சொந்த அனுகூலமும் உண்டு. சில மாதங்களுக்கு முன் அரியலூர்ப் பக்கத்தில் ஒரு தெருமுனைக் கூட்டத்தில் பெரியவர் ஒருவர், "செவ்வாயிலே ஒரு காலத்திலே தண்ணி ஓடிச்சுன்னு சொல்றீங்களே, யாரு பாத்தது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கிடைக்கிற கல்லாய்ப் போன சிப்பியையும் நத்தையையும் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டோம். "வண்டி வண்டியாப் பாத்திருக்கேன்" என்றார். அந்தச் சிப்பி அங்கே எப்படி வந்தது? கடல் இருந்ததால் வந்தது. கடலை யாரும் பார்க்கவில்லை, சிப்பி சாட்சி சொல்லுகிறது. சாத்தனூரில் 12 கோடி வருஷத்துக்கு முந்திய மரம் கல்லாய்ப் படுத்திருக்கிறது. செவ்வாயிலும் பாறைதான் சாட்சி. பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலிலே ஒரே கல்லில் நவக்கிரகம் செதுக்கியிருக்கிறது. ஏழு குதிரை பூட்டிய தேர். மேலே மலர்ந்த தாமரையாகச் சூரியன். சுற்றிலும் மற்ற எட்டு. சிற்பி கெட்டிக்காரன், சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒன்பதில் சூரியன் கிரகமல்ல, நட்சத்திரம். சந்திரன் பூமியைச் சுற்றுகிறது. ராகுவும் கேதுவும் பொருள்களே அல்ல, சந்திரன் பாதை குறுக்கே வெட்டுகிற வெற்றுப் புள்ளிகள். மிச்சம் ஐந்து. நாம் நிற்கிற பூமி கணக்கிலேயே இல்லை! செவ்வாய் பற்றிய கட்டுரையைத் திருத்தப் போகிற தோழர்கள் போகிற வழியில் இந்தக் கல்லையும் படமெடுத்து, அந்த ஊர்க் கட்டுரைக்குக் கொடுக்கலாம். சிற்பத்தைக் காப்பதற்கும் ஜாதகத்தை நம்புவதற்கும் சம்பந்தமில்லை.

ஜாதகம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1956 நவம்பர் 23-ந் தேதி அரியலூருக்கருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து, நூற்று நாற்பது பேருக்கு மேல் செத்தார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். செத்தவர்களில் எத்தனை ராசி, எத்தனை நட்சத்திரம், எத்தனை சுத்த ஜாதகம் இருந்திருக்கும்! தண்ணீரும் பாலத்தின் பலமுந்தான் அன்று முடிவு செய்தன. அந்த விபத்தைப் பற்றிய கட்டுரையும் நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியதே.

செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம். பெரம்பலூர்த் தோழர்கள் மங்கள்யான் கட்டுரையை எடுத்துக்கொள்ளட்டும். அரியலூர்த் தோழர்கள் மாரினர் 2, மாரினர் 4 இரண்டையும் எடுத்துக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேராகச் சேர்ந்து உட்காருங்கள். ஒருவர் படிக்க, ஒருவர் ஆதாரத்தைச் சரிபார்க்க, ஒருவர் தட்டச்சு செய்ய. கல்லூரியில் படிக்கிற பெண்கள் அவசியம் இருக்க வேண்டும். இதில் அவர்களுக்குத்தான் முதல் பாத்தியதை. பத்திரிகையிலிருந்து வரிகளைத் திருடிப் போடாதீர்கள், நீக்கிவிடுவார்கள். நீங்கள் எழுதியதை யாராவது மாற்றினால் சண்டைக்குப் போகாமல், உரையாடல் பக்கத்தில் காரணத்தைக் கேளுங்கள். முதல் நாளுக்கு ஒரே ஒரு வரி போதும்: கலம் செவ்வாயைச் சேர்ந்த நாள், கிழமை, மணி, அதற்கு ஒரு ஆதாரம்.